பொருந்திய வயர்

இதை எனக்கு முதலில் சொன்னது மைக்செட் தவசிமணிதான், தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம். என் வீட்டுக்காரர் ஞானதுரை கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் நிறைந்ததற்கு வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருந்தோம். தவசிமணி எங்கள் சபைக்கு மைக்செட் போடுகிறவர். கூட்டம் முடிந்து எல்லாரும் கை கழுவப் போன நேரத்தில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் குத்தவைத்து, இதே ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி, மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "யக்கா, இது உள்ளேயே ஆம்ப்ளிபயர் இருக்குற பெட்டி. இதுக்குப் போய் யாரோ வெளி ஆம்ப்ளிபயர் லைனைக் கொடுத்திருக்காங்க. கருகிப் போச்சு பாருங்க."

நீங்களும் இப்போது அதையேதான் கேட்டீர்கள். "யாரும்மா இதுல ஆம்ப் லைன் கொடுத்தது?" என்று. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், திருப்புளியைத் திருகிக்கொண்டே கேட்டீர்கள். அதுவும் நல்லதுக்குத்தான். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் "தெரியலையே தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பேன்.

நீங்கள் வேலையைப் பாருங்கள். நான் பாட்டுக்குச் சொல்கிறேன்.

உங்களை அனுப்பின என் மகன் எபனேசர், எபி என்றுதான் கூப்பிடுவோம், போன வாரம் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "அம்மா, கோயம்புத்தூர்ல ஒருத்தர் இந்தப் பெட்டியை ரிப்பேர் பண்றாராம். அவர் வந்து பார்க்கட்டும். சரியானா சரி, ஆகலைன்னா போகுது. அப்பா அதுல என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்." அப்படித்தான் சொன்னான். அப்பா என்ன செஞ்சாங்கன்னு. மூன்று வருஷமாக மண்ணுக்குள் இருக்கிற மனுஷனை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். எண்பத்தாறில் ஒரு கப்பல்காரரிடமிருந்து அந்த ஜப்பான் செட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதோ, வெள்ளி நிறத்தில் இருக்கிறதே, அதுதான் ஆம்ப்ளிபயர். மேலே கேசட் டெக். இரண்டு பக்கமும் மர நிறத்தில் இரண்டு பெட்டி. அன்றைக்கு எங்கள் போல்டன்புரம் தெருவில் யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பீரோவை வாங்கி வச்சிருக்காகளே, எதுல சேலை வைக்கிறது?" என்று கேட்டார்கள்.

அவர் அதை யாரும் தொடவிடமாட்டார். என்னை மட்டும் விடுவார், துடைக்கிறதற்கு. முப்பத்தாறு வருஷம் துடைத்தேன், தம்பி. முன்பக்கம் மட்டும் இல்லை, பின்பக்கமும் துடைப்பேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. கரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த வயர் எந்தத் துவாரத்துக்குப் போகிறது என்று கைக்குத் தெரியும். சிவப்பு வலது பக்கம், வெள்ளை இடது பக்கம். அந்த ஆம்ப்ளிபயரிலிருந்து பெட்டிக்குப் போகிற வயருக்கு இரண்டு முனையிலும் ஊசிப் பின்தான். பழைய ஜப்பான் செட் சிலதில் அப்படி இருக்கும் என்று அவர் சொல்லுவார். உங்களுக்குத் தெரியாததா.

எபி சின்னப் பிள்ளையிலிருந்தே அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் கிடப்பான். அக்காக்காரி பியூலா வெளியே விளையாடுவாள். இவன் பெட்டியின் துணியில் காதை வைத்துக்கொண்டு, "அப்பா, இதுக்குள்ள யாரு?" என்று கேட்பான். அவர், "உள்ள ஒருத்தரும் இல்லலே. அது வாயை மட்டும்தான் திறக்கும். மூச்சு ஆம்ப்ளிபயர்ல இருந்து வருது" என்பார். அந்தக் கிறுக்கு அப்படியே அவனுக்கும் பிடித்துவிட்டது. படித்து பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். ஆனாலும் லீவு நாளில் பழைய செட் விற்கிற இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டிருப்பானாம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், அவருக்கு எழுபது வயது நிறைந்தது. ஸ்தோத்திர ஆராதனை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானமே எபி வந்து இறங்கினான். தனியாக ஒரு கார் பிடித்து, பின்சீட்டில் இந்த இரண்டு பெட்டியையும் போர்வையால் சுற்றி, சீட் பெல்ட் வேறு போட்டுக் கொண்டு வந்திருந்தான். வெளிநாட்டில் செய்த பழைய பெட்டியாம். இரண்டு வருஷம் தேடி, ஒரு ரிட்டயர்டு டாக்டர் வீட்டிலிருந்து வாங்கினானாம். "அப்பாவுக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முகம் எல்லாம் சிரிப்பு.

அவருடைய பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இதை நடுவில் வைத்து, போனிலிருந்து ஒரு வயர் கொடுத்துப் பாட்டுப் போட்டான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அசையவே இல்லை. முடிந்ததும், "நல்லா இருக்குலே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஆம்ப்ளிபயர் எங்க?" என்றார்.

"உள்ளயே இருக்குப்பா. இது ஆக்டிவ். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் தனித்தனியா ஆம்ப். கட்டைக் குரலுக்கு ஒண்ணு, கீச்சுக் குரலுக்கு ஒண்ணு. உங்களோடது பாசிவ். அதுவா ஒண்ணும் செய்யாது."

"கட்டைக்கு ஒண்ணு, கீச்சுக்கு ஒண்ணா? நம்ம பாடகர் குழுவுக்கே ஒரே மாஸ்டர்தானலே இருக்காரு."

நான் சிரித்துவிட்டேன். எபியும் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். எபி அந்த ஆம்ப்ளிபயரைத் தட்டி, "இது இனிமே தேவையே இல்லப்பா. பரண்ல ஏத்திருவோமா?" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

அவர் முகம் மாறிவிட்டது. "என்னையும் தூக்கி வச்சிரு. பரண்ல இடம் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போதும் அதே பேச்சு. "ரெண்டு பெட்டிக்கு ரெண்டு கரண்ட் வயரா? அடுத்த மாசம் ரேஷன் கார்டுல பேரு சேர்க்கச் சொல்லும்போல" என்று இவர். "உங்க வயர்ல பாதி சத்தம் போற வழியிலேயே செத்துப் போகுது" என்று அவன். "என் ஆம்ப்ளிபயர் போனா அது மட்டும்தான் போகும், பெட்டி இருக்கும். உன் பெட்டிக்குள்ள ஒரு சின்ன சாமான் போனா எல்லாமே ஒண்ணாப் போச்சு" என்று இவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேர் குரலும் ஒரே மாதிரி ஏறிக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது. கடைசியில் இவர் சொன்னார்: "ஏல, என் ஆம்ப்ளிபயர்ல இருந்து ஒரு லைன் குடுத்தா உன் பெட்டி தாங்குமா?"

"குடுத்துறாதீங்கப்பா. எரிஞ்சிரும்."

"அவ்வளவு பொசுக்குனு எரியுற சாமானையா எனக்கு வாங்கிட்டு வந்த?"

நான் சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோபத்தில் ஆண்பிள்ளைகள் பேசுகிற பேச்சு, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சண்டையில் சொல்கிற வார்த்தையை யாராவது மனதில் வைப்பார்களா?

அப்புறம் சாமான் அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, பிறந்தநாளும் அதுவுமாக இந்த இரண்டு பேரையும் ஒன்றாக்கும் என்று ஜெபித்தேன். எழுந்தபோது மனதில் ஒரு யோசனை இருந்தது. நானாக யோசிக்கவில்லை, தம்பி. இருந்தது. இவருக்கு ஆம்ப்ளிபயர் வேண்டும். அவனுக்குப் பெட்டி வேண்டும். இவர் ஆம்ப்ளிபயரில் அவன் பெட்டி பாடினால் இரண்டு பேருக்கும் குறை இல்லை அல்லவா? இவ்வளவு படித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்றுகூட நினைத்தேன். கர்த்தர் என்னைப் போலப் படிக்காதவர்களுக்குத்தான் சிலதைக் காட்டுவார்.

இரண்டு பேரையும் கறிக்கடைக்கு அனுப்பினேன். "உங்களுக்குத்தான் தொடைக்கறி பார்த்து வாங்கத் தெரியும். பையைத் தூக்க அவன் வரட்டும்" என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் போனார்கள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் வந்து, எபியின் போன் வயரைக் கழற்றி வைத்தேன். பழைய பெட்டியிலிருந்து சிவப்புப் பின்னை உருவினேன். புதுப் பெட்டியின் பின்னால் அதே மாதிரி வட்டத் துவாரம். வைத்து அழுத்தினேன். பொருந்தியது, தம்பி. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. வெள்ளையும் பொருந்தியது. நான் ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன். ஆண்டவருக்குச் சித்தமில்லை என்றால் அது பொருந்தியிருக்குமா?

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பாட்டுக் கேசட்டைப் போட்டேன். அவர்கள் வாசலில் நுழையும்போது பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. முதலில் சரியாக வருகிறதா என்று பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். ஆம்ப்ளிபயரில் சத்தம் கூட்டுகிற பெரிய குமிழை அவர் எப்போதும் நேராக மேலே பார்த்த மாதிரி வைத்திருப்பார். அதை நான் தொடவில்லை. தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

பாட்டு வரவில்லை. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். வீடே அதிர்ந்தது. ஒரு டப். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆம்ப்ளிபயரின் விளக்கும் அணைந்துவிட்டது. லேசாக ஒரு வாடை.

சுவிட்சை அணைத்தேன். பின்னை உருவிப் பழைய பெட்டியிலேயே மாட்டினேன். எபியின் வயரை இருந்த இடத்தில் மாட்டினேன். தொங்கின வயரைச் சுருட்டிக் கட்டிவைத்தேன். கேசட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். ஜன்னலைத் திறந்து, பினாயில் ஊற்றித் தரை முழுக்கத் துடைத்தேன். பிறந்தநாள் வீடு, துடைக்கத்தானே வேண்டும்.

கெட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி. சில நேரம் கரண்ட் கூடிக் குறைந்தால் இப்படி ஆகும். சற்று ஆறினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். மிக்ஸி அப்படித்தான் ஆகும்.

அவர்கள் வரும்போதே வாசலில் சிரிப்புச் சத்தம்.

"கேட்டியா சொர்ணம், கறிக்கடைக்காரன் என்னை இவனுக்கு அண்ணனாங்கான்!"

"அவன் கண்ணாடி போடாம வெட்டுறான்மா. அதான் பை நிறைய எலும்பு."

இரண்டு பேரும் ஒரே பையை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள், வழியில் என்ன பேசினார்கள், எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சரி எபி, போடு. உன் பெட்டியிலேயே கேட்போம். என் ஆம்ப்ளிபயர் கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும்" என்றார். நான் அடுப்படியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

எபி போனை மாட்டினான். சத்தம் இல்லை. வயரை அசைத்தான், சுவிட்சை அணைத்துப் போட்டான். பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா, காலையில நான் குளிக்கப் போனப்ப என்ன செஞ்சீங்க?"

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "உன் டவலை ஒளிச்சு வச்சேன்" என்றார்.

"எரிஞ்ச வாடை வருதுப்பா. லைன் குடுத்துப் பார்த்தீங்களா?"

அப்போதுதான் அவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். பெட்டியை அல்ல. வயரைப் பார்த்தார். அவர் எந்த வயரையும் எட்டுப் போட்ட மாதிரி மடித்துத்தான் கட்டுவார், துறைமுகத்தில் பழகினது. நான் கொடிக்கயிறு சுருட்டுகிற மாதிரி வட்டமாகச் சுருட்டியிருந்தேன். அதைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அப்புறம் அடுப்படி வாசலைப் பார்த்தார். நான் கையில் இஞ்சியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தாம்லே" என்றார். "குடுத்துப் பார்த்தேன். தாங்கல."

இப்படிச் சொன்னதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கர்த்தர்மேல் ஆணையிடக்கூடாது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சு வந்தது. அப்படியானால் நான் தொடுவதற்கு முன்னாலேயே இவர் எரித்திருக்கிறார், அதனால்தான் எனக்கு அந்தச் சத்தம் வந்தது என்று நினைத்தேன். அவரே வாயால் சொல்கிறாரே! கட்டின புருஷன் சொல்வதை நான் நம்பாமல் வேறு யார் நம்புவது? அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்ததை இப்படிச் செய்யலாமா என்று.

எபி கத்தவில்லை. "ரெண்டு வருஷம் தேடுனேன்பா" என்றான். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். எரிக்கணுமா?" என்றான். அவன் பையை எடுத்தான். நான் குறுக்கே நின்று, "கறி கொதிக்குது எபி, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றேன். "நீங்க சாப்பிடுங்கம்மா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பியூலாவின் பிள்ளைகளுக்கு அம்மை. ஆயர் மகன் எங்கே என்று கேட்டார். ஆபீசில் அவசரம் என்றேன்.

திங்கட்கிழமை அவர் தன் ஆம்ப்ளிபயரைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "இதுவும் போயிட்டு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயரை மட்டும் அவிழ்த்து, எட்டுப் போட்டு மடித்துக் கட்டிவைத்தார்.

எட்டு மாதம் எபி அவரிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆராதனை முடிந்து எனக்குப் போன் பண்ணுவான். என்னை மறக்கவில்லை, ஸ்தோத்திரம். இவர் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். பக்கத்தைத் திருப்பமாட்டார். பேசி முடித்ததும், "சாப்பிட்டானாமா?" என்று மட்டும் கேட்பார். "உங்ககிட்ட குடுக்கவா?" என்று நான் ஒரு தடவையாவது அவனிடம் கேட்டிருக்கலாம். அவன் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வருகிற போனும் வராமல் போய்விட்டால்?

அவருக்காக உபவாசம்கூட இருந்தேன், தம்பி. பிள்ளைக்கு எதிராகச் செய்ததை அவர் மனம் வருந்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. ஒரு வெள்ளிக்கிழமை நேரிலேயே கேட்டேன். "அவன் பெட்டியை ஏங்க அப்படிச் செஞ்சீங்க? ஒரு தடவை போன் பண்ணி மன்னிப்புக் கேட்டா என்ன?" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "விடு சொர்ணம். என்மேல கோபமா இருந்தா இருக்கட்டும். அவன் வீட்டுக்கு வர்றதுக்கு உன் பக்கத்து வாசலாவது திறந்து கெடக்கட்டும்."

எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. வயசாகிவிட்டது, என்னவோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு காலை, சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பாதி முகத்தில் சோப்பு. நான்தான் முந்தானையால் துடைத்தேன்.

எபி சாயங்காலம் வந்து சேர்ந்தான். கால்மாட்டில் நின்றான். அழவில்லை. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அந்தச் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "அம்மா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

பிள்ளை தவிக்கிறானே, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "உன்னை மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க எபி" என்றேன்.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "என்னையா?" என்றான். "என்னையா மன்னிச்சாங்க?"

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் அப்பா பேச்சே எடுக்கவில்லை. ஏன் அப்படிப் பார்த்தான் என்று எனக்கு இப்போதுவரை விளங்கவில்லை. நல்ல வார்த்தையைத்தானே சொன்னேன்.

அப்புறம் ஒரு வருஷம் கழித்து, நான் சொன்னேனே, தவசிமணி இந்தப் பெட்டியைக் கழற்றினார். எபி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, மருமகள் மாசமாக இருந்தாள். நான்தான் தவசிமணியிடம், "இது எதனால கெட்டுச்சுன்னு சும்மா பாருங்களேன்" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் மோந்து பார்த்து, ஆம்ப்ளிபயர் லைன் என்று சொன்னார். நான், "அவங்கதான் கொடுத்தாங்களாம்" என்றேன். தவசிமணி சிரித்தார். "அண்ணனா? யக்கா, கோயில்ல நான் மாட்டின வயரைப் பிடுங்கித் திருப்பி மாட்டுற மனுஷன் அவங்க. தூக்கத்துலகூட இதைச் செய்யமாட்டாங்க. வெவரம் தெரியாத யாரோ, பின் பொருந்துதேன்னு மாட்டியிருக்காங்க."

பின் பொருந்துதேன்னு. அதே வார்த்தை.

அப்போதுதான் எனக்கு அந்த வட்டமாகச் சுருட்டின வயரை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அடுப்படி வாசலைப் பார்த்தது ஞாபகம் வந்தது. "அப்ப வீட்ல வேற யாரு இருந்தா?" என்று தவசிமணி கேட்டார். "பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றேன்.

அன்றைக்கே எபியிடம் சொல்லியிருக்கலாம். மருமகள் மாசமாக இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்று வைத்தேன். பிள்ளை பிறந்தது. பிறந்த வீட்டில் கசப்பான பேச்சு எதற்கு என்று வைத்தேன். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது, அப்புறம் அவனுக்கு வேலை மாற்றம். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அறிக்கை செய்துவிட்டேன், தம்பி. அவர் மன்னித்தும்விட்டார், அந்தச் சமாதானம் எனக்கு இருக்கிறது. ஆண்டவரிடம் சொன்னதை மறுபடியும் மனுஷனிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு கேள்வி மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

ஆனால் போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அது தத்தித் தத்தி நடந்து போய் அந்தப் பழைய பெட்டியின் துணியில் கையை வைத்தது. எபி சட்டென்று தூக்கிக்கொண்டு, "அதைத் தொடாதே பாப்பா, தாத்தாவுக்குப் பிடிக்காது, கோபக்காரத் தாத்தா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்ததே இல்லை. அதற்குத் தாத்தா என்றால் இனி அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு ஜெபம் வரவில்லை, தம்பி. முழங்கால் போட்டேன், வார்த்தை வரவில்லை.

இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். "சொல்லுங்கம்மா" என்பான். நான் "மழை பெஞ்சுதா?" என்று கேட்டுவிடுவேன்.

பெட்டியைச் சரிபண்ண முடியுமா முடியாதா என்று நான் உங்களைக் கேட்கப்போவதில்லை. அது உங்கள் வேலை, உங்களுக்குத் தெரியும். ஆனால் நான்கு மணிக்கு எபி உங்களுக்குப் போன் பண்ணுவான். என்ன கெட்டிருக்கிறது என்று கேட்பான். நீங்கள் ஆம்ப் லைன் என்பீர்கள். அப்பாதான் என்பான் அவன். அப்போது நீங்கள் சொல்லிவிடுங்கள். உங்க அப்பா அதைத் தொடவே இல்லையாம், உங்க அம்மாதான் மாட்டினாங்களாம், அப்பாவுக்குத் தெரியுமாம் என்று. இந்த ஆம்ப்ளிபயர், பின், லைன், எல்லாம் உங்களுக்குச் சரியாகச் சொல்ல வரும். நான் சொன்னால் தப்பும் தவறுமாகப் போய்விடும்.

நான் உள் அறையில் ஜெபத்தில் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், தம்பி.